கோணல் தையல்

ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற பெண்கள் ஆம்பூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனாலும் ஹெலன் கை வேறு. குத்தூசியால் அளவாகத் துளை போட்டு, மெழுகு நூலை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கினாளென்றால் தையலுக்குத் தையல் ஒரு மயிரிழை பிசகாது. பதினேழு வருஷமாக அவள் தைத்த ஜோடிகள் கப்பலேறிப் போய் எந்தெந்த ஊரிலோ நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் எவனோ ஒரு வெள்ளைக்காரனின் பெயர்தான் பொன்னெழுத்தில் மின்னும். அவள் பெயர் ஒன்றிலாவது உண்டா என்றால், கிடையாது.

அதனால்தான் கைவினைப் பொருள் வாங்கி விற்கிற, சென்னையிலிருந்து வந்த நிவேதிதா மேடம், "துணி வெச்சு கிறிஸ்துமஸ் கார்டு தைச்சுக் குடுங்க, பின்னாடி தைச்சவங்க பேர் இருக்கும்" என்று சொன்னதும் ஹெலன் அப்படியே மயங்கி ஒப்புக்கொண்டுவிட்டாள். மேடத்துக்கு எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே சொல்கிற பழக்கம்.

ஹெலனும் பக்கத்து வீட்டு வஜீதாவும் உட்கார்ந்தார்கள். சிவப்புத் துணியில் நட்சத்திரம், பச்சையில் மரம். ஹெலனுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். அட்டையிலும் தோலில் போடுகிற மாதிரியே துளை போட்டுத் தைத்தாள். அவள் பங்குக்கு வந்த ஐம்பது கார்டும் அச்சில் வார்த்ததுபோல வந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

மேடம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "ஐயோ, மெஷின்ல அடிச்ச மாதிரி இருக்கே! கையால தைச்சதுன்னு யார் நம்புவாங்க? கொஞ்சம் கோணலா, முன்னபின்ன தைங்க. அதுதான் க்யூட்டா இருக்கும்."

"கோணலாவா?" ஹெலனுக்குக் காதில் விழுந்ததே பிடிக்கவில்லை. "அப்டி தச்சா கம்பெனில மூஞ்சில வீசுவாங்க மேடம்."

"இது கம்பெனி இல்லையே."

புது அட்டை வந்தது. கோணலாகத் தைப்பது லேசுப்பட்ட வேலையா? கை தானாக நேர்கோட்டுக்கே ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். நூலைத் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது, யாரோ மென்று துப்பியதைத் தன் வாயில் போட்டுக்கொண்டதுபோல அருவருத்தது. பெயர் வரப்போகிறதே என்ற ஒன்றுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பதையும் முடித்தாள்.

மேடம் வந்து கைதட்டிச் சிரித்தார். கார்டுகளின் பின்னால் ஒட்டுவதற்கு அச்சடித்த சீட்டுகளையும் பேனாவையும் நீட்டினார். ஹெலன் பிளஸ் டூ படித்தவள். ஆங்கிலத்தை மெதுவாகக் கூட்டிப் படித்தாள். ஊசியே பிடித்தறியாத ஓர் ஏழைப் பெண் முதன்முதலாகத் தைத்த வாழ்த்து என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பெயருக்கு ஒரு புள்ளிக்கோடு.

சீட்டை மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னா மேடம் இது? ஊசி புடிக்கத் தெரியாதவளா நானு?"

"அது சும்மா ஒரு கதைம்மா. அப்படிப் போட்டாத்தான் வாங்குவாங்க."

"பேஜார் பண்ணாத ஹெலன்க்கா, கையெழுத்துதான, போட்டுடு" என்றாள் வஜீதா.

"நீ சும்மா இரு வஜீதா." ஹெலன் பேனாவை மேடத்தின் மடியிலேயே வைத்தாள். "இந்த அசிங்கத்துக்கு எம் பேரு வேணாம் மேடம். எட்த்துக்கினு போங்க. பேரு மட்டும் போடாதீங்க."

கெஞ்சுவார், இல்லையென்றால் கோபப்படுவார் என்று நினைத்தாள். மேடம் அதே மாதிரி தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"பரவாயில்லம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே போட்டுக்கறேன்."

முதல் சீட்டை எடுத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல, ஒரு எழுத்து பெரிசும் ஒரு எழுத்து சின்னதுமாக, வேண்டுமென்றே கையை நடுக்கி 'ஹெலன்' என்று தமிழில் எழுதினார். தள்ளிப் பிடித்துப் பார்த்து, "ஸோ ஸ்வீட்" என்றார்.

"அது நான் இல்ல" என்றாள் ஹெலன்.

மேடம் மை காய ஊதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.