பேர் என்றால் அப்பா

பிளஸ் டூ பிரெஞ்சில் நான் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு மொழியில் மார்க் வாங்குவதற்கும் அதைப் பேசுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை மட்டும் சொன்னதில்லை. சென்னையில் என் வகுப்பில் பாதிப் பேர் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காகத்தான். கைடில் நாலு கட்டுரை, ரெண்டு கடிதம். மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் கொட்டிவிட்டு, வெளியே வந்ததும் மறந்துவிட வேண்டும். நான் ஒழுங்காக மறந்தேன்.

1998 கோடையில் அது வினையாக வந்து சேர்ந்தது. டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. என் டீமில் இருக்கும் அகிலனும் அவன் மனைவி யாமினியும் வந்திருந்தார்கள். சுவாமிநாதனும் இருந்தான். கல்யாணமாகாதவன். அடுத்தவன் சொல்வதை ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். ஜூலை நாலாம் தேதி லீவோடு சேர்த்து ஐந்து பேரும் எங்கேயாவது போகலாம் என்று பேச்சு வந்தது.

"லண்டன் போலாம்டா. இங்கிலீஷ்லயே சமாளிச்சுடலாம்," என்றான் சுவாமிநாதன்.

"பாரிஸே போலாமே! இவருக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. நூத்தித் தொண்ணூத்தாறு!" என்றாள் கயல்.

கயல் என் மனைவி. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஈரோட்டில் தமிழ் மீடியத்தில் படித்தவள். நான் பிரெஞ்சுக்காரனோடு சண்டைகூடப் போடுவேன் என்கிற அளவுக்கு நம்பிக்கை வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பதுகூடக் கௌரவத்துக்குச் சொல்வது. பயம். சுவாமிநாதன் எதிரில் அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

"பாரிஸ்னா நான் பாத்துக்கறேன்," என்றேன்.

விசாவுக்கு ஹூஸ்டன் வரை நாங்களே கார் ஓட்டிப் போய் வந்தோம். டிக்கெட்டையும் ஹோட்டலையும் ஆஸ்டினில் ஒரு டிராவல் ஏஜென்ட் எங்கள் பாஸ்போர்ட்களைப் பார்த்து எழுதிக்கொண்டு புக் பண்ணினார். மூன்று ரூமும் என் பேரில். அந்த மாதம் பாரிஸில் உலகக் கோப்பை கால்பந்து என்பது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. டெக்சாஸில் ஃபுட்பால் என்றால் அது வேறு சமாசாரம்.

நியூயார்க்கில் பிளேன் தாமதமாகி, காலையில் சேர வேண்டிய நாங்கள் மாலை ஆறரைக்குத்தான் ஹோட்டல் வாசலில் இறங்கினோம். ஆறரைக்கு வெயில் பளபளவென்று அடித்தது. தெருவில் ஈ காக்காய் இல்லை.

"என்னடா இது, கர்ஃப்யூவா?" என்றான் அகிலன்.

எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே டிவி சத்தம். பிரான்ஸும் இத்தாலியும் ஆடிக்கொண்டிருந்தன.

ஹோட்டலின் முன்னறை ரொம்பச் சின்னது. பெட்டிகளோடு மற்ற மூவரும் வெளியே நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன். "நீங்க பேசறத நான் கேக்கணும்," என்று கயல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தாள். கவுண்டரில் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள். கவுண்டரின் மேல் ஒரு குட்டி டிவி. அவருடைய கண், காது, உயிர் எல்லாம் அதில்தான் இருந்தன.

"போன்ஜூர்," என்றேன்.

அம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ கேட்டார். அதில் 'நோம்' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. பேர் கேட்கிறார்! எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"செழியன்."

அவர் ஒரு பெரிய நோட்டில் விரலை ஓட்டினார். பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கம். "நோன்," என்றார். அப்புறம் கடகடவென்று நாலைந்து வாக்கியம். எனக்குப் பிடிபட்டது 'கோம்ப்லே' மட்டும்தான். ஹோட்டல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பேசி முடித்து மறுபடி டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் கயல்.

"செக் பண்றாங்க."

இங்கிலீஷில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இல்லை, பாஸ்போர்ட்டையாவது எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் கயல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவாமிநாதனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கால்பந்துக் கூட்டத்தில் இந்த ஊரில் இனி வேறு ரூம் கிடைக்காது. ஐந்து பேர் நடுத்தெருவில். எல்லாம் என் வீம்பால். எதையாவது பிரெஞ்சில் சொல்லியே ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

திறந்த வாயிலிருந்து, பத்து வருஷத்துக்கு முந்தின கைடின் முதல் கட்டுரை வந்தது. தலைப்பு, 'என் குடும்பம்'.

எங்கள் குடும்பம் சிறியது என்றேன். நான் ஒரு பள்ளி மாணவன் என்றேன். எனக்கு இரண்டு தங்கைகள் என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது, கைடில் இருந்தது. எங்களிடம் ஒரு வெள்ளைப் பூனை உண்டு என்றேன். அம்மாள் மெதுவாக டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் கயல் பூரித்துப் போய் நின்றாள். நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. மனப்பாடம் பண்ணியவனுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது.

"மோன் பேர் சப்பேல் கோபாலசாமி," என்றேன். என் அப்பாவின் பேர் கோபாலசாமி என்று அர்த்தம்.

"கோ-பா-லா-சா-மீ!"

அம்மாள் போட்ட கூச்சலில் கயல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். முத்து முத்தாக எழுதியிருந்தது, மிஸ்டர் கோபாலசாமி, மூன்று அறைகள்.

பாஸ்போர்ட்டில் நம் எல்லோருக்கும் கடைசிப் பேர் அப்பாவுடையது அல்லவா? டிராவல் ஏஜென்ட் அதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறார். பிரெஞ்சில் அப்பாவுக்கு வார்த்தை 'பேர்'. அன்றைக்கு என் பேரும் அப்பாதான். அதுவரைக்கும் நான் கோபாலசாமியின் பையன்தான் என்று இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அதே நொடியில் ஊரே அலறியது. பெனால்ட்டியில் பிரான்ஸ் ஜெயித்துவிட்டது. அம்மாள் கவுண்டரைச் சுற்றி ஓடி வந்து எனக்கும் கயலுக்கும் கன்னத்துக்குக் கன்னம் முத்தம் கொடுத்தார். சத்தம் கேட்டு மற்ற மூவரும் பெட்டிகளோடு இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சுவாமிநாதன் விடுவானா, இங்கிலீஷில் நேராகக் கேட்டுவிட்டான்.

"மேடம், இவன் பிரெஞ்சு எப்படி?"

அம்மாள் அருமையான இங்கிலீஷில் பதில் சொன்னார். "ரொம்ப அழகு! இருபது வருஷமா இங்க இருக்கேன். ரூம் கேட்டு வந்தவங்க யாரும் எங்கிட்ட அவங்க பூனையைப் பத்திச் சொன்னதில்ல. தங்கச்சிங்க ரெண்டு பேரும் சௌக்கியமா?"

"தங்கச்சியா?" என்றான் சுவாமிநாதன். ஒரு நிமிஷம் யோசித்தான். அப்புறம் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வரவில்லை. யாமினியும் அகிலனும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். நான் கயலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. தலையைத் தூக்கினேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

பெட்டிகளை ரூமில் போட்டுவிட்டு ஐந்து பேரும் தெருவில் இறங்கினோம். சற்று முன் காலியாகக் கிடந்த தெருவில் கால் வைக்க இடமில்லை. கார்கள் ஹாரன் அடித்தபடி நகர்ந்தன. முன்பின் தெரியாதவர்கள் எங்கள் தோளில் கை போட்டு ஆடினார்கள். சுவாமிநாதனின் கன்னத்தில் யாரோ மூன்று வர்ணக் கோடு போட்டுவிட்டார்கள். அவன் அதோடு ஆடிக்கொண்டே முன்னால் போனான்.

கயல் என் காதருகே வந்து கத்தினாள். "நெஜமாச் சொல்லுங்க, உங்களுக்கு எவ்வளவு பிரெஞ்சு தெரியும்?"

"அவ்வளவுதான். அந்த ஒரு கட்டுரைதான். மன்னிச்சுக்கோ."

"இல்லாத தங்கச்சியெல்லாம் வருதே, அதுல பொண்டாட்டி வர்றாளா?"

"இல்லம்மா. அது பிளஸ் டூ பையன் எழுதுற கட்டுரை."

"அப்ப சேத்துக்கங்க," என்றாள்.

நான் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றேன். மனைவிக்கு என்ன சொல், அதற்கு முன்னால் 'என்' என்பதற்கு 'மோனா', 'மாவா' என்று யோசித்தேன். இதற்கு எந்தக் கைடிலும் பதில் இல்லை. என்னை இடித்துக்கொண்டு போன ஒரு கிழவரின் கையைப் பிடித்து நிறுத்தி, கயலைக் காட்டிச் சொன்னேன்.

"மா ஃபாம் சப்பேல் கயல்." என் மனைவியின் பேர் கயல்.

கிழவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தார். மனப்பாடம் பண்ணாமல் என் வாழ்க்கையில் நான் பேசிய முதல் பிரெஞ்சு வாக்கியம் அதுதான்.