படகின் எடை

இப்போதெல்லாம் துக்கம் கேட்க வருகிறவர்கள் துக்கம் கேட்பதில்லை, விசாரணை நடத்துகிறார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எப்ப கிளம்புனீங்க?" அடுத்தது, "வழியில எங்கயாவது நின்னீங்களா?" செத்தவள் எப்படி இருந்தாள், யாருக்கு என்ன செய்தாள் என்று ஒரு பேச்சு கிடையாது. கையில் போனை வைத்துத் தடவிக்கொண்டே, "உங்க போட்டுல என்ன என்ஜின்? ஓ, சின்னதா? பெரிசா இருந்திருந்தா போய்ச் சேர்ந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கயிற்றில் ஒரு முடிச்சுப் போடத் தெரியாதவனெல்லாம் என்ஜினைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறான். இப்படி நாலு பேர் வந்து போனால் போதும், வீட்டில் இருக்கிறவன் யாரும் கூப்பிடாமலே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொள்வான்.

நங்கூரத்தின் மகன் அப்படித்தான் ஏறி நின்றான்.

நங்கூரம் என்பது படகுத்துறையில் அவருக்கு வைத்த பெயர். உட்கார்ந்துவிட்டால் பத்துப் பேர் இழுத்தாலும் அசைய மாட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது, பின்னால் மோட்டார் மாட்டியது. இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது தொழில். மார்க்கெட், கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் எதிர்க்கரையில். சாலை வழியாகவும் போகலாம், ஆனால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக அரை நாள் ஆகிவிடும். வயதானபின் அவர் மோட்டாரை மகனிடம் விட்டுவிட்டார். காசு வாங்குவது மட்டும் கடைசிவரை அவர் மனைவிதான். முதுகுவலிக்காரி, பலகையில் உட்கார முடியாது. பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு பஸ் சீட்டைக் கொண்டுவந்து அவளுக்காகப் படகின் நடுவில் முடுக்கி வைத்திருந்தார். அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "சில்லறையா குடு, உன் மூஞ்சிக்கு மிச்சம் வேற தரணுமா?" என்று அதட்டி வாங்குவாள். ஊரே அவளைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒருநாள் காலை கண்டக்டருக்கு நெஞ்சு வலித்தது. மகன் படகை ஓட்டினான். நங்கூரம் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பாதித் தண்ணீர் தாண்டியபோது அவர் கையைப் பிடித்திருந்த அவளுடைய கை விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று இழுத்தார்.

நங்கூரம் அதை நம்பவில்லை. அது டாக்டர்களின் வாயோடு ஒட்டிக்கொண்ட பேச்சு, வருகிற எல்லாரிடமும் சொல்வார்கள் என்று விட்டுவிட்டார். மகன் விடவில்லை. அந்தக் 'கொஞ்சம்' அவன் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

நங்கூரம் அழவில்லை. அழுகையை அடக்கினார் என்று சொல்ல முடியாது, அடக்குவதற்கு எதுவும் வரவில்லை. பல் பிடுங்கப் போடுகிற ஊசி உடம்பு முழுக்க இறங்கிவிட்டது போல இருந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டார். ஒருநாள் மருமகள் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவர் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். அவள்தான் தன் டம்ளரில் வாய் வைத்தபின் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகன் படகைப் பிடித்துக்கொண்டான். அதன் வேகத்தைக் கூட்டியே தீருவது என்று நின்றான். புது என்ஜின் வாங்க வழியில்லை. இருப்பதைத் தட்டிக்கொட்டி எப்படி வேகமாக்குவது என்று போனில் பார்த்தான், போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கேட்டான். கடைசியில் மெக்கானிக் ரேடியோவைக் கூட்டிவந்தான். ரேடியோ என்பதும் வைத்த பெயர்தான், அவன் வாயை அணைக்கப் பொத்தான் கிடையாது.

"அண்ணே, இந்த என்ஜினும் இதுக்கு மேல இருக்கிற பெரிய என்ஜினும் ஒரே உடம்புண்ணே. கார்புரேட்டர் மட்டும்தான் சின்னது. பழைய இரும்புல பெரிசு ஒண்ணு கிடக்குது, மாட்டிடுவோம். வாய் பெருசானா நல்லாச் சாப்பிடும், நல்லா ஓடும்."

"ஒரே உடம்புன்னா பெரிசுக்கு மட்டும் கம்பெனிக்காரன் ஏன் கூட வாங்குறான்?"

"அது வியாபாரம்ணே."

"அவன் பண்ணா வியாபாரம். நீ பண்ணா?"

"சேவை!"

நங்கூரம் அதற்குமேல் வாயைக் கொடுக்கவில்லை. அவன் காதில் பூச்சுற்றுகிறான் என்று தெரிந்தும் தடுக்கத் தோன்றவில்லை. பெரிய கார்புரேட்டர் ஏறியது. யாரோ கழற்றிப் போட்ட ஒரு புரொப்பல்லரைத் தேய்த்து நிமிர்த்தி மாட்டினார்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்று பலகை, பெட்டி, உபரிக் கயிறு எல்லாவற்றையும் மகன் இறக்கிப் போட்டான். பஸ் சீட்டைப் பார்த்து ரேடியோ, "இது எதுக்குத் தம்பி? தூக்கிடலாமே" என்றான். "அது இருக்கட்டும்" என்றான் மகன்.

அன்று மாலை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மகன் முகத்தில் ஈ ஆடவில்லை. சத்தம் கூடியிருந்தது, பெட்ரோல் செலவும் கூடியிருந்தது. வேகம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மருமகள் நங்கூரத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அவர் தூங்குறதே இல்ல. தெரியுமா?"

"நானும்தான் தூங்கல."

"நீங்க தூங்குறீங்க மாமா. குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேக்குது." அவள் சிரிக்கவில்லை. "போட்டு வேகமாப் போச்சுன்னா தப்பு என்ஜின் மேலன்னு ஆகும். போகலன்னா அன்னிக்கு ஓட்டுனவன் மேல. அதுக்குத்தான் இவ்வளவு பாடும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தை?"

"அவர் மேல தப்பில்லன்னு."

"தப்புன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"இல்லன்னும் சொல்லலியே மாமா."

அது உண்மை. நங்கூரம் எழுந்து அறை வாசல் வரை போனார். மகனின் முதுகு தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. உள்ளே ஒன்றும் அசையாதபோது வெறும் வாயால் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று திரும்பி வந்துவிட்டார்.

அடிப்பக்கம் பாசி பிடித்திருக்கும், சுரண்டினால் சரியாகிவிடும் என்றான் ரேடியோ. படகைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கிரேன்காரர் கயிற்றைக் கோர்த்துத் தூக்கியதும் கிரேன் முனகியது. பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"யோவ், உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"காலிப் போட்டுங்க" என்றான் மகன்.

"இதுவா காலி? இதைவிடப் பெரிசெல்லாம் பூப் போலத் தூக்கியிருக்கேன். இது கர்ப்பமா இருக்குய்யா."

ரேடியோ முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான். படகை இறக்கியதும் சுத்தியின் பின்புறத்தால் தரையை அங்கங்கே தட்டினான். எங்கு தட்டினாலும் செத்த சத்தம். அந்த மாதிரிப் படகுகளுக்கு இரட்டைத் தரை. மேல் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில், கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று ஃபோம் அடைத்திருப்பார்கள். "அது தண்ணி குடிச்சிருக்கு" என்றான். தரையை அறுக்க வேண்டும். அறுக்க வேண்டுமானால் பஸ் சீட்டைக் கழற்ற வேண்டும்.

மகன் தயங்கினான். நங்கூரமே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். தரையை அறுத்துப் பெயர்த்தபோது உள்ளே இருந்தது ஃபோம் போல இல்லை, வெள்ளத்தில் ஊறிக் கிடந்த மெத்தை போல இருந்தது. மண்வெட்டியால் வாரி வாரி வெளியே போட்டார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் ஓடியது. பட்டறைத் தரை முழுக்க நாறியது.

"ஏழெட்டு ஆளு எடை வரும்ணே!" ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "இத்தனை வருஷமா இவ்வளவையும் சும்மா ஏத்திட்டுப் போயிருக்கீங்க. பிராணியாயிருந்தா எப்பவோ செத்திருக்கும். என்ஜின் பாவம் என்ன செய்யும், ஓட்டுறவன்தான் என்ன செய்வான்!"

மகன் நிமிர்ந்தான். பல நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. "எங்கேருந்து இறங்குச்சு தண்ணி?" என்றான்.

ரேடியோ பெயர்த்த பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். "இதோ பாரு. சல்லடை."

பஸ் சீட்டின் போல்ட் ஓட்டைகள். ஆட்கள் ஏறி இறங்குகிற ஆட்டத்தில் போல்ட் தளரும். தளரும்போதெல்லாம் நங்கூரம் சீட்டை ஒரு விரற்கடை நகர்த்திப் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டு முடுக்குவார். பழைய துளையில் கொஞ்சம் பெயின்ட்டைத் தடவி விடுவார். அவளுக்குச் சீட்டு ஆடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. படகில் ஓட்டை போடுகிறோம் என்று தோன்றவேயில்லை. மழைத்தண்ணீர், அலைத்தண்ணீர், கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கிறது.

"எந்தப் புண்ணியவான் போட்டது இதையெல்லாம்?" என்றான் ரேடியோ. கேட்ட பிறகுதான் மகன் முகத்தைப் பார்த்தான். பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"மழைத் தண்ணிதான்" என்றான் மகன் அவசரமாக. "ஓரத்துல வெடிப்பு இருக்குல்ல, அது வழியா வந்திருக்கும். அப்பா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

நங்கூரம் கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு அடைக்கும் என்று காத்திருந்தார். அடைக்கவில்லை. கால் செருப்பு நனைந்திருப்பது மட்டும் தெரிந்தது.

"தண்ணி வடியட்டும்" என்றார். "வேலையைப் பாருங்க."

புது ஃபோம் வாங்கக் கட்டுப்படியாகாது. மூடி இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் கேன்களை உள்ளே வரிசையாக அடுக்கி, மேலே பிளைவுட் போட்டு ஃபைபர் பூசினார்கள். பஸ் சீட்டு மீண்டும் ஏறவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கியபோது அது முன்பு நின்றதைவிட ஒரு சாண் மேலே நின்றது. மூன்று பேரும் ஏறினார்கள். ஆஸ்பத்திரித் துறை வரை ஒரு ஓட்டம் என்றான் ரேடியோ. மகன் மோட்டாரைக் கிளப்பிக் கைப்பிடியைத் திருகினான். படகு கிளம்பியது. போய்க்கொண்டிருந்தது. பழைய வேகம்தான்.

ரேடியோ மோட்டாரை உற்றுப் பார்த்தான். "என்னாச்சு தம்பி? புரொப்பல்லர்ல ஏதாவது..."

"அவ்வளவுதான் போகுது" என்றான் மகன். "நான் சொன்னேன்ல, அந்தத் தண்ணியால எல்லாம் ஒண்ணும் ஆகல. முன்ன மாதிரியேதான் போகுது." அவன் அப்பாவைப் பார்க்கவில்லை.

நங்கூரம் மகனின் மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு ஆயுள் முழுக்க அந்தக் கைப்பிடியைத் திருகியவர். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

"ஏண்டா பாதி திருகுற?"

"இல்லப்பா, இவ்வளவுதான்..."

"என்கிட்டயே காது குத்துறியா? முழுசாத் திருகு."

"வேணாம்பா."

"திருகுடா!"

மகன் திருகினான். படகின் மூக்கு ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கியது. அதன் பிறகு அது தண்ணீரைக் கிழிக்கவில்லை, தண்ணீரின் மேல் வழுக்கியது. ரேடியோ தொப்பியைப் பறிகொடுத்துவிட்டு ஊளையிட்டான். அவள் கை விட்டுப்போன இடத்தைத் தாண்டியது நங்கூரத்துக்குத் தெரியவேயில்லை. தெரிந்தபோது ஆஸ்பத்திரித் துறை எதிரே வந்துவிட்டது.

மகன் மோட்டாரை அணைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சரியா ஓட்டலப்பா" என்றான். "ஓட்டை காரணம் இல்ல. நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. கை நடுங்குச்சு, அலையைப் பார்த்து ரெண்டு தடவை குறைச்சேன்..."

"அலைக்குக் குறைக்காம? கவுத்திருப்ப. சரியாத்தான் ஓட்டுன." எதிர்க்கரைக்கு இவ்வளவு என்று கூலி சொல்வது போல நங்கூரம் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "நான் பக்கத்துல இருந்தேன். எனக்குக் கண்ணு இருக்கு. உன் மேல தப்பில்ல."

மகன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது போதுமா என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, யார் மேலயும் தப்பில்ல. ஆனா இந்த வேகம் மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?"

"காப்பாத்தியிருக்கலாம்ணே."

"நீ பாத்தியா?"

"பாக்கலண்ணே, ஆனா கணக்குப் போட்டா..."

"கணக்குப் போட்டா எது வேணா வரும். என்ஜினைக் காட்டின, அப்புறம் புரொப்பல்லர். இப்பத் தண்ணியக் காட்டுற. நாளைக்கு வேற ஒண்ணைக் காட்டுவ. அவ செத்துட்டா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் துறைப் படியைப் பிடித்து ஏறினார். முழங்கால் மடங்க மறுத்தது. மகன் கை கொடுக்க எழுந்தான், அதற்குள் ஏறிவிட்டார்.

"எங்கப்பா போறீங்க? வாங்க, திரும்பலாம்."

"நீங்க போங்க. நான் ரோட்டு வழியா வந்துக்கறேன்."

"அரை நாள் ஆகும்பா!"

"ஆகட்டும்."

ஈரச் செருப்பு படியில் சப் சப் என்று ஒட்டிப் பிரிய, அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் ரேடியோ, "பெரியவருக்கு என் கணக்குல இன்னும் நம்பிக்கை வரல" என்று மகனிடம் சொல்வது கேட்டது. வரவில்லைதான்.