பசை போட்ட மரியாதை

நாவலாசிரியர் பிறந்து நூறு வருடம் ஆகிவிட்டதாம். உயிரோடிருந்தபோது வாடகை வீட்டுக்கு அலைந்த மனிதருக்கு இப்போது தபால்தலை, அவர் பெயரில் சாலை, நாடு முழுக்க விழா. இந்த ஊர் விழாவுக்கு அமைச்சரே வருகிறார். மேடையின் பின்சுவரை அவருடைய நாவல்களாலேயே அடுக்கலாம் என்பது விழா அதிகாரியின் யோசனை. புத்தகங்களுக்கு நூலகர் பொறுப்பு.

அவளும் சந்தோஷமாகத்தான் கொடுத்தாள். இரவல் போனவற்றைக்கூட வாசகர்களிடம் கெஞ்சி வாங்கினாள். கடைசியாகக் கொடுத்தவர் டாக்சிக்காரர்.

"கதையில அந்தப் பொண்ணு இப்பத்தான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறா அக்கா. இப்பப் போய்ப் புடுங்குறீங்களே."

"விழா முடிஞ்ச சாயங்காலமே உங்க கையில இருக்கும். என் வாக்கு."

விழா நாளன்று, கூட்டம் வருமுன்பே அவள் அரங்குக்குப் போனாள். சுவரில் ஒரு புத்தகம் சாய்ந்தாற்போல் தெரிந்தது. நேராக்கக் கை வைத்தாள். அசையவில்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். அட்டையைத் திறக்கப் பார்த்தாள், நகம்தான் ஒடிந்தது. தாள்களின் ஓரத்தில் பசை காய்ந்து மின்னியது.

ஏணிமேல் நின்ற அலங்காரக்காரன் பெருமையாகச் சொன்னான்: "ஃபேன் போட்டா தாளெல்லாம் படபடன்னு அடிக்கும் மேடம். அதான் உள்ளயும் பசை விட்டுட்டேன். இனி புயலே வந்தாலும் பிரியாது."

அவள் நேராக அதிகாரியிடம் போனாள்.

"சார், அத்தனை புத்தகமும் போச்சு."

"எங்க போச்சு? சுவர்லதானே இருக்கு, ஜம்முனு."

"இனி படிக்க முடியாது சார்."

"இன்னைக்கு யாருங்க படிக்கப் போறா? நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி வைக்காதீங்க."

அரங்கு நிரம்பியது. அமைச்சர் பேச்சின் சூட்டில், "இவர் எழுத்து வீட்டுக்கு வீடு திறந்திருக்கணும்," என்று முழங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு நாவலை உருவப் பார்த்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். பலகையே ஆடியது. அதிகாரி ஓடிவந்து, "சார், அது செட்டிங்," என்று கிசுகிசுத்தார். ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது.

அமைச்சர் அசரவில்லை. "பாத்தீங்களா, இவரை யாராலயும் அசைக்க முடியாது." கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நூலகர் மட்டும் தட்டவில்லை. செத்த பிறகும் மனிதரை வாய்திறக்க விடாமல் ஒட்டிவைத்துவிட்டு, அதற்கும் கைதட்டுகிறார்களே என்று பல்லைக் கடித்தாள்.

பின்வரிசையில் டாக்சிக்காரர் எழுந்தார். "அதெல்லாம் சரிங்க. அந்தப் பொண்ணு ஸ்டேஷன்லேருந்து வெளிய வந்தாளா, இல்லையா?"

அமைச்சர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். மேடையில் இருந்த ஒருவருக்கும் எந்தப் பெண் என்றே தெரியவில்லை.

நூலகர் படியேறினாள். யாரும் தடுக்குமுன் மைக் அவள் கையில்.

"வந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவர் படிச்சுத் தெரிஞ்சுக்கணும். சாயங்காலம் புத்தகம் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். பசை போட்டவங்க எல்லாரும் சேர்ந்து அதுக்கு வழி சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

அதிகாரி கையசைக்க, மைக் செத்தது. மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றன. சுவரில் ஒரு தாளும் படபடக்கவில்லை. அவள் இறங்கவில்லை.