இருநூற்று இருபத்தைந்து போலிகள்

தோட்டத் தொழிலாளர் மன்றத் தலைவர் முத்துலிங்கத்துக்குப் பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள், பின்னால் 'சமாதான நீதவான்' என்றொரு பதவி. அட்டன் ஆபீசில் அவரிடம் வேலை பார்க்கும் லோஜனுக்குக் கிடைத்ததோ ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், 'டிஜிட்டல் பணிப்பாளர்' என்றொரு பலகை. அந்தப் பலகையிலும் தலைவரின் படம்தான் பெரிது.

வேலை என்னவோ சின்னதுதான். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீடு கேட்டுப் பதிந்த 612 குடும்பங்கள் ஒரு எக்செல் தாளில் வரிவரியாகக் கிடந்தன. ஒவ்வொரு வரியையும் மன்றத்தின் வெப்சைட்டில் தனிப் பக்கமாக ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. விழா முடிந்ததும் வெப்சைட்டில் இருக்கிற பட்டியல் அப்படியே மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகும். அதில் பெயர் இல்லாதவருக்கு வீடு இல்லை.

கையால் ஏற்றுவது கிளாக்கர் வேலை என்று நினைத்த லோஜன், சொந்தமாக ஒரு நிரல் எழுதினான். தோட்டம், லயம் என்கிற வீட்டு வரிசை, அதிலுள்ள காம்பராவின், அதாவது அறையின், இலக்கம் மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பம். அதே காம்பரா மறுபடி வந்தால் இரட்டைப் பதிவு. பழையதை அழித்துப் புதியதை எழுது. நாற்பது வினாடியில் ஓடி முடிந்தது. 387 பக்கங்கள்.

"மிச்சம் எங்க தம்பி?" என்றார் தலைவர்.

"225 டூப்ளிகேட் சேர். நிரலே கண்டுபிடிச்சுத் தூக்கிருச்சு."

மறுநாளே பேனர் வந்துவிட்டது: '225 போலிப் பதிவுகளைக் களைந்த செயற்கை நுண்ணறிவு!' அதில் 'செயற்கை' மட்டும் உண்மை.

வியாழக்கிழமை, கொழுந்து எடுக்கும் மீனம்மா போனும் கையுமாகப் படியேறி வந்தாள்.

"தம்பி, மேல் டிவிசன் அஞ்சாம் லயம், ஏழாம் காம்பரா. எங்க பக்கத்தத் தொறந்தா எங் கொழுந்தன் மூஞ்சி வருது. நான் எங்க?"

"ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம்தானே அக்கா. நீங்க அவரு பதிவுலயே வருவீங்க."

"அவரு பதிவுல அவரு பொண்டாட்டி வருவா. நான் எதுக்கு வரணும்?"

லோஜன் எக்செல் தாளில் ஏழாம் காம்பராவைத் தேடினான். மீனம்மா விடவில்லை.

"உள்ளுக்க நாங்க அஞ்சு பேரு. வாசப்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில அவுங்க நாலு பேரு. நடுவுல பலகை. அடுப்பு ரெண்டு, சண்டை ரெண்டு. நம்பர் மட்டுந்தான் ஒண்ணு, அது தோட்டத்துத் தொரை கதவுல அடிச்சது."

லோஜனுக்குக் காது சுட்டது. அவன் பிறந்ததே அப்படியொரு காம்பராவில்தான். சித்தப்பா குறட்டை விட்டால் இந்தப் பக்கத்திலிருந்து அப்பா பலகையைத் தட்டுவார். அந்தப் பலகைக்கு நிரலில் இடமே வைக்கவில்லை.

குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து மறுபடி ஓட்டினான். 612. மீனம்மா திரையில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"திரும்பத் தூக்கிர மாட்டீங்களே?"

"இல்லக்கா" என்றான். சொன்ன பிறகுதான் தலைவர் ஞாபகம் வந்தது.

லோஜன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேனர் அடிச்சாச்சே தம்பி. பழையபடியே விட்டுருங்க. வீடு அடுத்த வருசமும் குடுப்பாங்க, விழா நாளைக்குத்தான்."

"225 குடும்பமும் நாளைக்கு மண்டபத்துலதான் இருக்கும் சேர். மொத ஆளு வெளியில நிக்கிறாங்க."

தலைவர் எட்டிப் பார்த்தார். மீனம்மா கும்பிட்டாள். அவரும் கும்பிட வேண்டியதாகிவிட்டது. பிறகு சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பேனரைப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை அதே பேனர்தான். நடுவில் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி எழுதியிருந்தது: '225 குடும்பங்களை உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு!' தலைவர் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

"மூணு புள்ளைகள நான் உருவாக்குனேன்" என்றாள் மீனம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனிடம். "என்னைய இவரு உருவாக்குனாராம்."

பின்வரிசையில் லோஜன் பட்டியலை இன்னொரு தரம் கடைசிவரை உருட்டிப் பார்த்தான். 612. தலைவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கச்சேரிக்கு அனுப்பிவிட்டான்.