தூங்கியவரை எழுப்பாத கடை

எங்கள் சாலையில் ஒரு காலத்தில் லாரிக்காரர்களுக்கென்றே பதினோரு கடைகள் இருந்தன. இப்போது நான்கு. அதில் எங்களுடையது ஒன்று. நான் அடுப்படி, என் மனைவி முன்பக்கம். ஓட்டுநர்கள் அவளை அக்கா என்பார்கள், என்னை அண்ணே என்பார்கள். அக்காவும் அண்ணனும் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள் என்று இருபத்தாறு வருடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. டீ சூடாக இருந்தால் போதும் அவர்களுக்கு.

கடைகளைச் சாய்த்தது தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. லாரிக் கம்பெனிகள் அதை எல்லா வண்டியிலும் மாட்டிவிட்டன. வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் நகரத்தில் ஓர் அறையில் திரையில் தெரியும். கம்பெனி ஒப்பந்தம் போட்ட பெட்ரோல் பங்குகளில் மட்டுமே நிறுத்தலாம். வேறு இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஓட்டுநருக்கு போன் வரும். எங்கள் கடையைத் தாண்டினால் அடுத்த பங்குக்கு எண்பத்தேழு கிலோமீட்டர். நடுவில் மலை இறக்கம்.

நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் ஹாரனை அடித்துக் கையை ஆட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். என் மனைவியும் வாசலில் நின்று கையை ஆட்டுவாள். உள்ளே வந்து, "அந்தக் கண்ணாடி லோடுக்காரர் முகமே சரியில்லைங்க" என்பாள். ஓடுகிற லாரியில் முகத்தை எப்படிப் பார்த்தாள் என்று நான் கேட்க மாட்டேன். அவளுக்குத் தெரியும். சர்க்கரை வேண்டாம் என்று வாங்கிய டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்கிறவர், கண் திறந்திருந்தாலும் தூங்குகிறார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

அந்தக் கண்ணாடி லோடுக்காரரை நாங்கள் ஸ்வெட்டர் அண்ணன் என்போம். உச்சி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். கேட்டால், "வண்டியில போறது கண்ணாடி, ஓட்டுறவனாவது மெத்துன்னு இருக்கட்டும்" என்பார். அவர் ஒருநாள் மதியம் இரண்டரை மணிக்கு வண்டியைக் கடைமுன் கொண்டுவந்து நிறுத்தினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இறங்கினார். முட்டையும் ரொட்டியும் கேட்டார். நான் தட்டைக் கொண்டுவருவதற்குள் மேஜையில் கையை மடக்கித் தலையை வைத்துத் தூங்கிவிட்டார்.

பத்து நிமிடம் ஆனதும் அவர் போன் அடித்தது. அவர் அசையவில்லை. நின்று நின்று மறுபடி அடித்தது. மூன்றாவது முறை என் மனைவி எடுத்தாள்.

"வண்டி ஏன் நிக்குது?" என்றது ஒரு பெண் குரல். அந்த அளவுக்குச் சத்தம், எனக்கே கேட்டது.

"ஓட்டுறவரு தூங்குறாரு."

"நீங்க யாரு? அவரை எழுப்புங்க."

"நான் கடைக்காரி. எழுப்ப மாட்டேன்மா. இப்ப எழுப்பினா இறக்கத்துல மறுபடி தூங்குவாரு. அரை மணி நேரம் குடு."

அரை மணிக்குப் பிறகு ஸ்வெட்டர் அண்ணன் தானாக எழுந்தார், முகம் கழுவினார், ஆறிய முட்டையைச் சூடாக்கச் சொல்லிச் சாப்பிட்டார். போன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஆனால் கிளம்பும்போது சிரிப்பு இல்லை. நான்காம் நாள் அவர் கம்பெனியின் இன்னொரு ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனார்: "ஸ்வெட்டரை வண்டியை விட்டு எறக்கிட்டாங்க அக்கா. விசாரணை முடியுற வரைக்கும் வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க."

மறுநாள் காலை அடுப்பை நான் பற்றவைக்கப் போனபோது தடுத்தாள்.

"இன்னைக்குக் கடை இல்ல. அவங்க ஆபீசுக்குப் போறோம்."

"இத்தனை வருஷத்துல யாரு வாசல்லயும் போய் நின்னதில்ல நாம. கெஞ்சணுமா?"

"கெஞ்ச யாரு போறா? போனை எடுத்துப் பேசினது நான். அதுக்கு அவரு வீட்ல உக்காந்திருக்காரு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வரணும். சட்டையை மாத்துங்க."

மாற்றினேன். வேறென்ன செய்ய?

கம்பெனி அலுவலகம் ஏழாவது மாடியில். இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் பாதுகாப்பு மேலாளர் கூப்பிட்டார். எங்கள் மகள் வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். சுவர் முழுக்க இருந்த திரையில் எங்கள் சாலையைக் காட்டினார். எங்கள் கடை இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன.

"இதெல்லாம் அனுமதி இல்லாம நின்னது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இப்ப பாருங்க." திரையைத் தட்டினார். புள்ளிகள் காணாமல் போயின. "விதி வந்த பிறகு சுத்தமாயிடுச்சு. இதைத்தான் நாங்க விரும்புறோம்."

எங்கள் கடையையே துடைத்துவிட்டது போல இருந்தது. என் மனைவி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நல்லா இருக்கும்மா. இதே படத்துல வண்டி கவுந்த இடத்தையும் காட்ட முடியுமா?"

"அது வேற கோப்பு."

"இருக்கட்டும். நான் சொல்றேன், நீங்க சரியான்னு மட்டும் பாருங்க. ஓடைப் பாலத்துல ஒண்ணு. செங்கல் சூளைத் திருப்பத்துல ரெண்டு. இறக்கத்துல, மூணாவது வளைவுல ஒண்ணு, கடைசி வளைவுல ரெண்டு. அப்புறம் ரயில்வே கேட்டுக்கு முன்னாடி பால் வண்டி. மொத்தம் ஏழு. எல்லாம் இந்த விதி வந்த பதினாலு மாசத்துக்குள்ள."

மேலாளர் அவளையே பார்த்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கவுந்த வண்டியைத் தூக்குற கிரேன்காரரு எங்க கடையிலதான் டீ குடிப்பாரு. இப்ப வர்ற ஒரே வாடிக்கை அவருதான். அவருக்கு வியாபாரம் நல்லா இருந்தா எனக்குச் சோறு இறங்காதும்மா."

மேலாளர் உட்கார்ந்து எதையோ தேடினார். தட்டினார், மறுபடி தட்டினார். திரையில் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏழு. பெரிய காயமில்லாமல் தப்பியவர்கள் ஐந்து பேர், கால் போனவர் ஒருவர், உயிரே போனவர் ஒருவர். எல்லாம் எங்கள் கடைக்கு அப்பால், மதியம் இரண்டுக்கும் நாலரைக்கும் நடுவே. பிறகு விதிக்கு முந்தைய இரண்டு வருடத்தை எடுத்துப் பார்த்தார். அதே தூரத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் மழையில் வழுக்கியது.

என் மனைவியின் குரல் உயரவே இல்லை.

"எங்க கடையில ருசிக்காகவா நிக்கிறாங்க? இவரு சமையலைப் பத்தி நான் பெருமையாவே சொல்வேன், அது வேற. முகத்தைப் பாத்து, 'நீ இப்பப் போக வேணாம், படு'ன்னு சொல்ல அங்க ஒரு ஆளு இருக்கு. உங்க பெட்டிக்கு வண்டி தெரியும். ஓட்டுறவன் தெரியாது."

அடுப்படியில் கால் நூற்றாண்டு வியர்த்திருக்கிறேன். அந்த ஏழாவது மாடிக் குளிரில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவளோடுதானா நான் தினமும் வெங்காயத்துக்குச் சண்டை போட்டேன்?

ஸ்வெட்டர் அண்ணன் அடுத்த வாரமே வண்டி ஏறினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை கம்பெனி. 'விசாரணை முடிந்தது' என்று ஒரு வரி. எங்களுக்கு நான்கு பக்கக் கடிதம் வந்தது. ஆறு மாதச் சோதனையாக வண்டிகள் நிறுத்தலாம் என்கிற இடங்களின் பட்டியலில் எங்கள் கடையைச் சேர்ப்பார்கள். அதற்குப் பெண் ஓட்டுநர்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், படுக்க நிழலான இடம் வேண்டும், சமையலறையில் தீயணைப்பு உருளை வேண்டும்.

"என் அடுப்படிக்குத் தீயணைப்பு உருளையா? இதுவரைக்கும் ஒரு ரொட்டி கருகியிருக்கா?" என்றேன்.

"தினமும்" என்றாள்.

கொத்தனார் வேலை பாதியும் ஓட்டுநர்களே செய்தார்கள். விடுமுறை நாளில் மூன்று பேர் வந்து சுவர் எழுப்பினார்கள், ஒருவர் குழாய் போட்டார். சோதிக்க வந்த மேலாளர் என் பாத்திரங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு முட்டை கேட்டார். அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை, அதிகம் சாப்பிட்டார்.

பட்டியல் வந்த முதல் நாள் பதினாறு லாரிகள் நின்றன. பழைய கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. மற்றக் கம்பெனி வண்டிகள் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகின்றன. ஆனால் இப்போது மதியங்களில் எங்கள் கடை போன் அடிக்கிறது. அன்றைக்குச் சத்தம் போட்ட அதே பெண் குரல்.

"அக்கா, இரும்பு லோடு ஒண்ணு இருபது நிமிஷத்துல உங்களைத் தாண்டும். காலையில இருந்து நிக்காம ஓட்டுறாரு. நிறுத்தச் சொல்லியிருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க, போகலாமா வேணாமான்னு."

அவள் பார்ப்பாள். பேச்சுக் கொடுப்பாள். சில பேரைப் போகச் சொல்வாள், சில பேரைக் கட்டிலுக்கு அனுப்புவாள். எந்த ஓட்டுநரும் அவளை எதிர்த்துப் பேசி நான் பார்க்கவில்லை. நானே பேசியதில்லை.

எங்களுக்கு நேர் எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை. லாரி நிறுத்தும் மரத்தடி யாருடையது என்று ஒன்பது வருடம் முன்னால் வந்த தகராறில் பேச்சு நின்றுபோனது. அவர்களும் மூடுகிற நிலையில் இருந்தார்கள். ஒரு காலை என் மனைவி கம்பெனிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்தக் கடைக்காரர் முதலில் எழுந்திருக்கவே இல்லை. அவர் மனைவிதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

திரும்பி வந்தவளிடம் கேட்டேன். "நமக்குக் கிடைச்சதே பதினாறு வண்டி. அதுலயும் பங்கா?"

"இந்த ரோட்டுல போற எல்லாரையும் நான் ஒருத்தியே பாத்துட முடியுமா?" என்றாள். "மத்தக் கம்பெனிக்கும் போகணும். எதிர்க்கடை அக்காவும் வர்றாங்க. நாளைக்கு ரெண்டு கடை அடுப்பும் உங்க பொறுப்பு. அவங்க வீட்டுக்காரருக்கு டீ போடவே வராதாம்."

மறுநாள் இரண்டு பெண்களும் ஏழு மணி பஸ்ஸில் கிளம்பினார்கள். எங்கள் சாலையின் விபத்துக் கணக்கை நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். மாலை வந்தபோது இருவர் கால்களும் வீங்கியிருந்தன. ஒரு கம்பெனி யோசிப்பதாகச் சொல்லியிருந்தது. இன்னொன்றில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"யாரு நீங்கன்னு கேட்டான்" என்றாள் என் மனைவி.

"என்ன சொன்ன?"

"லாரிக்காரங்க கடை நடத்துறவங்கன்னு சொன்னேன். திங்கட்கிழமை மறுபடியும் வருவோம்னும் சொன்னேன்."

எதிர்க்கடை அக்கா செருப்பைக் கழற்றியபடி தலையசைத்தாள். நான் இரண்டு பேருக்கும் டீ ஊற்றினேன்.