ஒரு ஆணி குறைந்த கதவு

“யாரோட கதவு இது?”

மேனேஜர் தன் ஃபோனை மேசை மேல் தள்ளிவிட்டாள். அது வழுக்கிக்கொண்டு வந்து கதவுக்காரியின் விரல் நுனியில் நின்றது. திரையில் கரியேறிய ஒரு மரக்கதவு. குறுக்கே இரும்புப் பட்டைகள், பட்டை நெடுகக் கொண்டை ஆணிகள். யாரோ ஒரு லேப்டாப் திரையை அவசரமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். மூலையில் ஒரு ஜன்னலின் நிழல் விழுந்திருந்தது. அந்த ஜன்னலைக் கதவுக்காரிக்கு நன்றாகத் தெரியும். அதற்குத் திரைச்சீலை தைத்துப் போட்டதே அவள்தான்.

வீடியோ கேம் செய்கிற அந்த ஸ்டூடியோவில் மலை செய்ய ஓர் ஆள், மழை செய்ய ஓர் ஆள், குதிரைக்கு முடி நட ஓர் ஆள். அவளுக்குக் கதவு. தள்ளுகிற கதவு, இழுக்கிற கதவு, உதைத்தால் மட்டும் திறக்கிற கதவு எல்லாம் அவள் கைவேலை. அதனால் அவள் பெயரே கதவுக்காரி ஆகிவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர் அவளுக்கே சில நாள் அந்நியமாகத் தெரியும்.

ஃபோனில் இருந்தது சாதாரணக் கதவு இல்லை. ‘சாம்பல் கோட்டை’ இரண்டாம் பாகம் இந்தக் கதவின் முன்னால்தான் முடிந்திருந்தது. கதாநாயகி கை நீட்டுவாள், திரை இருண்டுவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று வருஷக்கணக்காக உலகமே அடித்துக்கொள்கிறது. அதே கதவை மூன்றாம் பாகத்துக்காக அவள் மறுபடி புதிதாகச் செய்திருந்தாள். அந்தப் பாகம் புதிதாக வரப்போகிற கேம் பெட்டியில், அதாவது கன்சோலில், வருகிறது என்பது ஸ்டூடியோவின் நாலு சுவருக்குள் மட்டும் இருந்த ரகசியம். இன்று மாலை, கன்சோல் கம்பெனி தன் பெட்டியை உலகத்துக்குக் காட்டும்போது அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்குள் எவனோ போட்டு உடைத்துவிட்டான்.

“பட்டன்னு ஒரு சேனல். மூஞ்சியில அட்டையைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் கத்துவானே, அவன் போட்டிருக்கான். உள்ள இருந்து யாரோ குடுத்தாங்களாம்.” மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். “கம்பெனிக்காரங்க கொதிக்கிறாங்க. சாயந்தரம் அறிவிப்புக்குள்ள ஆள் யாருன்னு சொல்லணும். இல்லேன்னா நம்ம கேமைத் தூக்கிட்டு வேற எதையாவது ஓட்டிருவாங்க. பார்த்துச் சொல்லு. உனக்கு மட்டும்தானே தெரியும்?”

அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டூடியோவில் ஒவ்வொருவர் லேப்டாப்புக்கும் கொடுத்த கேம் பிரதியில் அந்தக் கதவில் ஒரு ஆணி இருக்காது. ஆளுக்கு ஓர் இடம். படம் வெளியே போனால், எந்த ஆணி இல்லை என்று பார்த்தால் போதும், எந்த லேப்டாப் என்று தெரிந்துவிடும். யோசனை கதவுக்காரியுடையது. ‘யாருக்கு எந்த ஆணின்னு எங்கயும் எழுதி வைக்காத, எனக்கே சொல்லாத, போன தடவை எழுதி வச்சதே வெளியில போச்சு’ என்று சொன்னது மேனேஜர்.

ஃபோனில் இருந்த கதவில் பூட்டுக்கு நேர் கீழே ஆணி இல்லை. அது அவளுடைய பிரதி.

“ஃபோன்ல சரியா தெரியல மேடம்,” என்றாள். குரல் வழக்கம்போல இருந்தது அவளுக்கே ஆச்சரியம். “வீட்டுல பெரிய ஸ்கிரீன் இருக்கு. போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“சீக்கிரம் சொல்லு. இல்லேன்னா நானே ஒருத்தரைப் பிடிச்சுக் குடுக்கணும்.”

வெளியே வந்தால் லிஃப்ட் வாசலில் லைட்டுக்காரன். கேமுக்குள் வெயில், நிலா, தீப்பந்தம் எல்லாம் வைக்கிறவன். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து மரத்தில் ரேகை ரேகையாகக் கீறி வைப்பாள். இவன் வந்து அதன் மேல் இருட்டைக் கொட்டிவிட்டுப் போவான். கேட்டால், ‘கதவை யாரும்மா பாக்கறா? திறந்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்’ என்பான். அவனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாள் சாப்பாடு இறங்கினதில்லை.

“என்ன கதவு, மூஞ்சி சாத்திக் கிடக்கு?”

“உங்க வேலையைப் பாருங்க.”

“பார்த்தாச்சு. சாயந்தரம் காட்டற ட்ரெய்லர்ல உன் கதவுக்கு நானே உட்கார்ந்து வெளிச்சம் வச்சிருக்கேன். இனிமே இருட்டடிச்சிட்டான்னு ஊரெல்லாம் அழாத.” லிஃப்ட் திறந்தது. “நன்றியெல்லாம் சொல்லித் தொலைக்காத. உனக்கு அது வராது.”

அவள் அந்த லிஃப்டில் ஏறவில்லை. படியில் இறங்கினாள்.

வீட்டில் தம்பி தன் சேனலின் லைவ்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். கூடத்தில் விளக்குகள், காமிரா, பின்னால் பெரிய டீவி. சோபா மேல் அந்த அட்டை முகமூடி கிடந்தது. வட்டமாக வெட்டிய பெரிய பட்டன், நாலு ஓட்டை, அதில் இரண்டு கண்ணுக்கு. சுவரில் கொட்டை எழுத்தில்: ‘புது கன்சோலில் வந்தே ஆகவேண்டியவை’. கீழே எலி ராஜா, கடைசி பஸ், நீராவிக் குதிரை என்று எட்டுப் பத்துப் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில், சாம்பல் கோட்டை மூன்று.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எப்படா எடுத்த?”

“எதை?”

“நடிக்காத. நான் குளிக்கப் போனப்பதானே?”

தம்பி மைக்கைத் தட்டிப் பார்த்தான். “லேப்டாப்பைத் திறந்து போட்டுட்டுப் போனது யாரு? நானா?”

“திருட்டு நாயே.”

“கத்தாதக்கா, மைக் ஆன்ல இருக்கு.” அணைத்தான். “இப்ப என்ன ஆயிடுச்சு? ஊரே கொண்டாடுது. உங்க கேமுக்கு ஓசி விளம்பரம். நியாயமா உங்க மேனேஜர் எனக்கு மாலை போடணும்.”

“அவ எனக்குப் போடப் போறா, மாலை. அது என் பிரதிடா. பூட்டுக்குக் கீழ ஆணி இல்லை பாரு. அதை வச்சே கண்டுபிடிச்சிருவாங்க.”

அவன் முகத்திலிருந்து முதல் முறையாக ரத்தம் இறங்கியது. ஒரு கணம் பழைய தம்பியாகத் தெரிந்தான். ஒரே பெட்டியின் முன்னால் தோளை இடித்துக்கொண்டு முதல் பாகத்தை ஆடின தம்பி. ஓர் அரக்கன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, ‘நீ அடிக்கா, நீ அடி’ என்பான். அவள் அடித்துக் கொடுத்த அரக்கர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் தன் கணக்கில் சொல்லிக்கொள்வான். அப்போதே இவனைச் சாத்தியிருக்க வேண்டும்.

“யாரு கண்டுபிடிப்பாங்க?” என்றான் மெல்ல.

“நான்தான். எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அட, அப்புறம் என்ன?” ரத்தம் திரும்பி ஏறிவிட்டது. “வேற யார் பேரையாவது சொல்லிட்டுப் போ. அந்த லைட்டுக்காரன் இருக்கானே, தினம் சாப்பாட்டுல உட்கார்ந்து கரிச்சுக் கொட்டுவியே. அவனைச் சொல்லு. உனக்கும் நிம்மதி, உன் கதவுக்கும் நிம்மதி.”

அவள் கை ஓங்கியது. அவன் சோபாவைத் தாண்டிக் குதித்தான். அடி விழவில்லை என்பதைவிட, அவன் சொன்னது தனக்கு ஏற்கனவே தோன்றியிருந்தது என்பதுதான் அவளுக்குக் கோபம். பஸ்ஸில் வரும்போதே அந்தப் பெயரை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கினதே அதற்காகத்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை யோசிக்க முடியாது.

“படத்தை எடு. லைவ்வை நிறுத்து. நான்தான் திருடினேன்னு நீயே சொல்லு.”

“சொன்னா என் சேனலை ஊத்தி மூடுவாங்க. இத்தனை வருஷமா அந்தக் கேம் வரணும்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான். நீ கதவுதான் செஞ்ச. அந்தக் கதவு முன்னால ஜனங்களைக் காத்திருக்க வச்சவன் நான்.” முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பட்டன் ஓட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. “உள்ள போக்கா. ஃப்ரேம்ல விழுற.”

அவள் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் மாறியது. வீட்டில் உப்பு கேட்கிற குரல் இல்லை அது. மேடைக்காரன் குரல். “வணக்கம் பட்டன்களே! இன்னிக்கு நம்ம தலையெழுத்து தெரியற நாள்!” கன்சோல் கம்பெனியின் விழா ஆரம்பித்துவிட்டது. எலி ராஜா வரவில்லை. அதற்கு ஒரு கெட்ட வார்த்தை. கடைசி பஸ் வந்தது. அதற்கு ஒரு விசில். அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைச் சொன்னால் இந்தத் தொழிலிலேயே இனி யாரும் வாசலில் சேர்க்க மாட்டார்கள். லைட்டுக்காரன் பெயரைச் சொன்னால் அவனுக்கும் அதே கதி. நடுவில் ஒரு வழி இருக்கும் என்று தேடினாள். கதவு செய்கிறவளுக்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சொன்னான்: “கதவுப் படம் குடுத்தது யாருன்னு எல்லாரும் கேக்கறீங்க. பேரைச் சொல்ல மாட்டேன், துரோகம். ஆனா ஒண்ணு. அந்த ஸ்டூடியோவுல லைட்டு வேலை பாக்கறவரு. நல்ல மனுஷன். வாழ்க!”

அவள் எழுந்துகொள்வதற்குள் ஃபோன் அடித்தது.

“கேட்டியா?” மேனேஜர். “நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். லைட்டுக்காரன்தானா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, அவனை இப்பவே கழட்டி விட்டுட்டு அவங்களுக்குத் தகவல் குடுத்துடறேன். அடுத்தது நம்ம கேம்தான்.”

ஒரே வார்த்தை. அதற்கு மூச்சுகூடச் செலவாகாது. அவள் ஃபோனைக் காதில் வைத்தபடி அறைக் கதவைத் திறந்து கூடத்துக்குள் நடந்தாள். விளக்குகள் கண்ணைக் குத்தின. தம்பி கை ஆட்டினான், போ போ என்று. அவள் காமிராவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்று, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“அவர் இல்ல மேடம். பூட்டுக்குக் கீழ ஆணி இல்லாதது என்னோட பிரதி. என் லேப்டாப். படம் எடுத்தவன் என் தம்பி. இதோ, பின்னால பட்டன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கானே, இவன்தான்.”

பக்கத்துத் திரையில் கமெண்ட்டுகள் எறும்புக் கூட்டமாக ஓடின.

“காலையில லேப்டாப்பை வாசல்ல குடுத்துட்டுப் போயிடு,” என்றாள் மேனேஜர். “உள்ள வராத. வக்கீல் பேசுவார்.” துண்டித்துவிட்டாள்.

தம்பி முகமூடியைப் பிய்த்து எறிந்தான். “பைத்தியமாடி நீ? அந்த ஆளு உனக்கு என்ன மாமனா மச்சானா? என்னை எல்லார் முன்னாலயும்…” காமிராவை அணைக்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி நீட்டினான், மறுபடி தட்டினாள். “கூடப் பொறந்தவளாடி நீ?” என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போது, டீவியில் திரை இருண்டு, சாம்பல் பறக்கிற சத்தம் கேட்டது. இருவருமே திரும்பிவிட்டார்கள்.

கதவு வந்தது. இருட்டில் இல்லை. எங்கோ கீழேயிருந்து ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் ஏறி, அவள் ஒரு வாரம் கீறின ரேகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு மேலே போனது. பட்டை, பூட்டு, பூட்டுக்குக் கீழே ஆணி. அது இருந்தது. வெளிச்சம் மேல் கீல் வரை ஏறி நின்றது. அங்கே ஓர் ஆணி இல்லை. மேல் கீல் ஆணி இல்லாதது லைட்டுக்காரனின் பிரதி. ட்ரெய்லருக்கு அவனே தன் லேப்டாப்பில் உட்கார்ந்து வெளிச்சம் வைத்திருக்கிறான். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஓட்டை அவள் ஒருத்தி கண்ணில் மட்டும் பட்டது.

“அக்கா,” என்றான் தம்பி. கோபம் எங்கேயோ நழுவிப்போய், பழைய தம்பியின் குரலில். “உள்ள என்னக்கா இருக்கு?”

கதாநாயகியின் கை வந்து கைப்பிடியைப் பற்றித் தள்ளியது. பழைய மரம் மழைக்காலத்தில் ஊறி நிலையைப் பிடித்துக்கொள்ளும் என்று அவள் வேண்டுமென்றே வைத்த ஒரு கண நேர அடம். கதவு அதிர்ந்தது. கீலோரம் தூசி உதிர்ந்தது. கை இன்னும் அழுத்தியது. கதவு திறக்கவில்லை, இன்னும்.