மாலை மட்டும் தெரிந்த மாப்பிள்ளை

பன்னீர் நாணயத்தை உருவாக்கியவர் எங்கள் அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். அந்த நாணயம் கணினிக்குள் மட்டும் இருந்தது. தெருவில் எல்லோரும் வாங்கி வைத்திருந்தோம். அவரைத்தான் யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி மரகதவல்லியும் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டு காலியாகும், துவைக்கப் போட்ட சட்டையில் வியர்வை இருக்கும். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் தட்டு காலியாகவில்லை. மறுநாளும் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. அவளோடு நானும் காவல் நிலையத்துக்குப் போனேன்.

ஏட்டு பரமசிவம் புகைப்படம் கேட்டார். அவள் கல்யாணப் படத்தைக் கொடுத்தாள். அதில் அவள் பக்கத்தில் ஒரு ரோஜா மாலை அந்தரத்தில் தொங்கியது. நல்ல தெளிவான படம் என்று ஏட்டு பாராட்டி, அதைச் சுவரொட்டியாக அடித்து ஊரெங்கும் ஒட்டினார்.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான்தான் அவர் என்றார் ஒரு விரிவுரையாளர். சேலத்துக்காரர் ஒருவர் மாலையோடேயே வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, மரகதவல்லி ஒரே பதிலைச் சொன்னாள்.

“கண்ணுக்குத் தெரியுறீங்களே. நீங்க அவர் இல்லைங்க.”

அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு அவர்கள் பேருந்துக்குப் போனார்கள்.

கடைசியில் ஏட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன் என்றார். பெயர் அவளுக்கு மட்டும்தான் தெரியும்; தாலி கட்டும்போது காதோடு சொன்னாராம். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவள் ஒருமுறைகூட அதை உச்சரித்ததில்லை.

சாயங்காலம் மாடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, சொன்னா அவர் ஆயுசு குறையுமே.”

“சொல்லலைன்னா அந்தக் குறைஞ்ச ஆயுசுகூட உனக்கு இல்லையே, மரகதம்.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை, தூங்குகிறவரை எழுப்புகிற குரல்.

தெருவில் காய்கறி வண்டி நின்றது. வண்டிக்காரர், இஸ்திரிக்காரர், பால் வாங்கப் போன பெண்கள், ஏட்டு, எல்லோரும் முகத்தைத் தூக்கி ஒரே ஆண் குரலில், “இதோ வர்றேன் மரகதம்” என்றார்கள்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவர் குரல்தான் என்று தலையாட்டினாள். பிறகு, பெரிய குண்டானில் உலை வைக்கவேண்டும் என்று சொல்லிக் கீழே இறங்கினாள்.

படியில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. என் தொண்டையிலும் அதே குரல் இருந்தது. நானும் சாப்பிடக் கை கழுவப் போனேன்.